பேட்டரி இம்பாக்ட் டிரைவரா, இம்பாக்ட் ரெஞ்சா, எத்தனை வோல்ட்? பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறேன். கார், குட்டி லோடு வண்டி, அவசரத்துக்கு எண்ணூர் ரோட்டில் நின்றுவிட்ட டிரெய்லரின் சக்கரம் என்று கலந்து வரும். மேசை மேல் இரண்டு மூன்று பேட்டரி கன், அதாவது ஸ்க்ரூவையும் நட்டையும் அடித்து அடித்து முடுக்கவும் கழற்றவும் உதவும் கருவி, எப்போதும் கிடக்கும். வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது எத்தனை வோல்ட்ணே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த நட்டைக் கழற்றப் போகிறீர்கள் என்பது முதல் கேள்வி, பேட்டரிக்குள் எத்தனை செல் என்பது இரண்டாவது. திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அலுத்துப்போய்தான் எழுதி வைக்கிறேன்.

டிரைவரும் ரெஞ்சும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?

முனையைப் பாருங்கள். இம்பாக்ட் டிரைவரின் முனையில் அறுகோணக் குழி இருக்கும். அளவு ரெண்டு நூல், அதாவது கால் இன்ச். வளையத்தை இழுத்து பிட்டைச் செருகினால் பூட்டிக்கொள்ளும். அது ஸ்க்ரூ வேலைக்கு.

இம்பாக்ட் ரெஞ்சின் முனையில் குழி கிடையாது, சதுரக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நட்டின் தலையைக் கவ்வும் பாக்ஸை மாட்டுகிறோம். மூணு நூல், நாலு நூல், ஆறு நூல், ஒரு இன்ச் என்று அளவு ஏறும். கார் மெக்கானிக்குக் கை கொடுப்பது நாலு நூல், அதாவது அரை இன்ச். லாரிக்கு முக்கால் இன்ச்சும் அதற்கு மேலும். இது நட்டு, போல்ட் வேலைக்கு.

இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்த கருவியும் உண்டு. சதுரக் கட்டையின் நடுவிலேயே அறுகோணக் குழி இருக்கும். ஒரே கருவியோடு வெளியே அலைகிற ஏசி மெக்கானிக், சோலார் பேனல் மாட்டுகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு.

உள்ளே என்னதான் நடக்கிறது?

பழைய மேஸ்திரிகள் துரு ஏறிய நட்டுக்கு என்ன செய்வார்கள்? ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் சுத்தியலால் டக் டக் என்று தட்டுவார்கள். ஒரே மூச்சாக இழுத்தால் அசையாத நட்டு, நாலு தட்டில் அசைந்து கொடுக்கும். இந்தக் கருவி செய்வதும் அதேதான், வேகம் மட்டும் பல மடங்கு.

மோட்டார் ஒரு தண்டைச் சுற்றுகிறது. தண்டின் மேல் ஒரு கனமான இரும்பு வளையம், அதுதான் சுத்தியல். பின்னால் ஒரு ஸ்பிரிங். நட்டு லேசாகச் சுற்றும்வரை எல்லாம் சேர்ந்தே சுற்றும். நட்டு இறுகியதும் சுத்தியல் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்வாங்கும். பிடி விட்டதும் பாய்ந்து வந்து முனைக்கட்டையின் காதில் பக்கவாட்டில் மோதும். ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. 18 வோல்ட் டிரைவர் ஒன்று நிமிடத்துக்கு 3,000 அடிக்கு மேல் அடிக்கும். ரெஞ்சில் சுத்தியல் பெரியது, அதனால் அடி கொஞ்சம் குறைவு, ஒவ்வொரு அடியும் கனம்.

கை முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். சாதாரண டிரில்லில் ஸ்க்ரூ இறுகினால் மணிக்கட்டைத் திருப்பிவிடும். இதில் அடி உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், கைக்கு அதிர்வு மட்டும்தான் வரும்.

வீட்டில் இம்பாக்ட் டிரில் இருக்கிறது. அது போதாதா?

போதாது. பெயர்தான் குழப்பம். நம் ஊர்க் கடைகளில் இம்பாக்ட் டிரில் என்று விற்பது சுவரில் ஓட்டை போடும் டிரில். அதில் அடி முன்னால் போகும், சுவரை நோக்கி. டிரைவரிலும் ரெஞ்சிலும் அடி சுற்றும் திசையில் விழும். அதை வைத்து வீல் நட்டு கழற்ற முடியாது, இதை வைத்து சுவரைத் துளைக்க முடியாது. அறுகோண வால் உள்ள பிட் போட்டால் டிரைவரில் மரம், மெல்லிய தகடு துளைக்கலாம். அதோடு சரி.

12, 18, 20, 21, 36, 40, 60 என்று இத்தனை வோல்ட் எதற்கு?

உண்மையில் இத்தனை இல்லை. பேட்டரிப் பெட்டிக்குள் இருப்பது எல்லாம் ஒரே ஜாதி லித்தியம் செல்கள். 18650 என்று எழுதியிருந்தால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். 21700 என்றால் 21 மி.மீ., 70 மி.மீ. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆன கையோடு 4.2. இனி எல்லாம் பெருக்கல்தான்.

மூன்று செல் வரிசையில் 10.8. முழு சார்ஜில் 12.6. கடையில் அதற்குப் பெயர் 12 வோல்ட்.

ஐந்து செல் வரிசையில் 18. முழு சார்ஜில் 21. ஒரு கம்பெனி இதை 18 என்கிறது, இன்னொன்று 20 மேக்ஸ் என்கிறது, சீன இறக்குமதி 21 என்கிறது. மூன்றும் ஒன்றே. டிவால்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் விற்பது ஒரே ரகத்தைத்தான். ஆகவே "18-ஐ விட 20 பெரிசுதானே" என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பத்து செல் வரிசையில் 36. ஹிட்டாச்சி கோக்கியாக இருந்து 2018-ல் கருவிகளின் பிராண்ட் பெயரை ஹைகோக்கி என்று மாற்றிக்கொண்ட கம்பெனி அதை நேர்மையாக 36 என்று எழுதுகிறது. மக்கிடா 40 மேக்ஸ் என்கிறது. பதினைந்து செல் வரிசையில் 54, அமெரிக்கப் பெட்டியில் அதற்கு 60 என்று பெயர்.

298 வோல்ட் என்று போட்ட கன் மலிவாகக் கிடைக்கிறதே, அது?

நானும் ஒன்று வாங்கி ஏமாந்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது. பெட்டியில் கறுப்பு மஞ்சள் எழுத்தில் 298 வி.எஃப். என்று கொட்டை எழுத்து. கூட இரண்டு பேட்டரி, பதினைந்து பாக்ஸ், ஒரு பிளாஸ்டிக் சூட்கேஸ். ஒரு வாரம் ஓடியது, எட்டாம் நாள் காரின் மூன்றாவது சக்கரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

பேட்டரியின் அடியில் இருந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே பத்து செல், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. மல்ட்டி மீட்டரை வைத்தால் 20.4. எல்லா 18 வோல்ட் பேட்டரியையும் போல அதுவும் ஐந்து செல் ஜாதிதான். நிக்கல் பட்டை டீத்தூள் பாக்கெட்டின் உள்தாள் மாதிரி மெலிசு. செல்லின் மேல் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை, வெறும் நீலப் பிளாஸ்டிக் உறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 298 வோல்ட் வேண்டுமென்றால் 3.6 வீதம் 83 செல் வேண்டும். செல் ஒன்று 45 கிராமுக்கு மேல். செல் மட்டுமே நாலு கிலோவை நெருங்கும், கையில் தூக்க முடியுமா? 48 வி.எஃப்., 88 வி.எஃப்., 128 வி.எஃப். எல்லாம் இதே கதைதான். அந்த எண் பாத்திரக் கடையில் பாத்திரத்தின் மேல் ஒட்டும் வரிசை எண் மாதிரி, வோல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதற்காக எல்லா மலிவு கன்னும் குப்பை என்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கு நாலு முறை சொந்தக் கார் ஸ்டெப்னி மாற்றுகிறவருக்கு அது போதும். பட்டறைக்கு ஆகாது.

வோல்ட் கூடினால் பலம் கூடும், அதுதானே உண்மை?

பாதி உண்மை. மக்கிடாவையே எடுத்துக்கொள்வோம், இரண்டு அளவிலும் அவர்களிடம் இருக்கிறது. அவர்களுடைய நல்ல 18 வோல்ட் டிரைவர் 180 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் பலத்தின் அளவு இது). 40 மேக்ஸ் டிரைவர் 220. வோல்ட் இரட்டிப்பாகியும் பலம் கால் பங்குகூட ஏறவில்லை. ஏனென்றால் அந்த ரெண்டு நூல் பிட்டின் கழுத்து அதற்கு மேல் தாங்காது, முறுகி ஒடிந்துவிடும். டிரைவருக்கு 18-க்கு மேல் போவது பெரும்பாலும் வீண் செலவு என்பது என் கட்சி.

ரெஞ்சுக்கு வாருங்கள். அதே கம்பெனியின் முக்கால் இன்ச் ரெஞ்ச் 18 வோல்ட்டில் 1,050. 40 மேக்ஸில் 1,800. இங்கே கூடுதல் வோல்ட்டுக்கு வேலை இருக்கிறது. ஒரே சக்தியை இரண்டு மடங்கு வோல்ட்டில் கொடுத்தால் கரண்ட் பாதியாகும். 500 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 18 வோல்ட்டில் கிட்டத்தட்ட 28 ஆம்பியர், 36-ல் 14. ஒயர், சுவிட்ச், பேட்டரி பற்றிக்கொள்ளும் தகடு எல்லாம் அந்த அளவு சூடு குறைந்து பிழைக்கும்.

ஆனால் செல்லுக்கு இதில் லாபமில்லை. பத்து செல்லை ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை அடுக்கினாலும், பத்தையும் ஒரே வரிசையில் கோர்த்தாலும் உள்ளே இருக்கும் சக்தி ஒன்றுதான். ஆம்பியர் மணி என்பது பேட்டரியின் கொள்ளளவு, அதை வோல்ட்டால் பெருக்கினால் சக்தி: 18 வோல்ட் 5 ஆம்பியர் மணி என்றால் 90 வாட் மணி. 36 வோல்ட் 2.5 ஆம்பியர் மணியும் அதே 90. குடம் ஒன்று, வாய் மட்டும் வேறு.

என் 18 வோல்ட் ரெஞ்ச் சில நாள் பலமாகவும் சில நாள் நோஞ்சானாகவும் இருக்கிறது. ரிப்பேரா?

எந்தப் பேட்டரி மாட்டியிருந்தீர்கள் என்று பாருங்கள். ஒல்லியான 2 ஆம்பியர் மணி பேட்டரியில் ஐந்து செல் ஒரே வரிசை. பருத்த 5 ஆம்பியர் மணியில் இரண்டு வரிசை, அதனால் பாரம் பங்கிட்டுக்கொள்ளும். ரெஞ்ச் முட்டி அடிக்கும்போது ஒல்லிப் பேட்டரியின் வோல்ட் சட்டென்று விழும், அடியும் சோர்ந்துபோகும். டிரைவருக்கு ஒல்லி போதும், கைக்கும் லேசு. பெரிய ரெஞ்சுக்குப் பருத்த பேட்டரிதான். ரெஞ்ச் வாங்கக் காசு சேர்த்து வைத்து, கடைசியில் பேட்டரியில் மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் நியூட்டன் மீட்டரை நம்பலாமா?

அந்த அலகை முதலில் கையால் உணர்ந்துகொள்வோம். எங்கள் எதிரில் பங்க்சர் கடை பாய் லாரி சக்கரம் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வீல் ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் செருகி, அதன் முனையில் ஏறி நிற்பார். அவர் எடை 60 கிலோ என்றால், அந்த நட்டின் மேல் விழுவது கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர். 22 மி.மீ. ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) உள்ள கனரக லாரி வீல் நட்டை 600 வாக்கில்தான் முடுக்கச் சொல்வார்கள், ஆகவே பாய் கணக்கு சரியாகவே இருக்கிறது. அவர் பைப் மேல் இரண்டு குதி குதிப்பது துருவுக்காக.

சின்னக் கார் வீல் நட்டுக்கு 85-லிருந்து 110 வரை போதும், சரியான எண் வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். ஒரே கருவிக்கு இரண்டு எண் போடுவார்கள். ஒன்று முடுக்கும் பலம், இன்னொன்று இறுகிய நட்டை விடுவிக்கும் பலம். பின்னது எப்போதும் பெரிது, அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். இரண்டு கருவியை ஒப்பிட்டால் ஒரே வகை எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அலகிலும் வேலை காட்டுவார்கள். அமெரிக்கப் பெட்டியில் அடி பவுண்டு இருக்கும், ஒரு அடி பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். டிரைவர்களுக்கு இன்ச் பவுண்டு போடுவார்கள். "1,600" என்று பார்த்து வாய் பிளக்கக் கூடாது, 8.85-ஆல் வகுத்தால் 180 நியூட்டன் மீட்டர்தான்.

அந்த எண்ணும் சோதனை மேசையில் புது போல்ட், முழு சார்ஜ், குட்டைப் பாக்ஸ் வைத்து எடுத்தது. நீங்கள் நீள எக்ஸ்டென்ஷன் மாட்டினால் அது ஸ்பிரிங் மாதிரி முறுகி அடியைத் தின்றுவிடும். துருவுக்கும் ஒரு பங்கு போகும். தேவைக்கு ஒன்றரை, இரண்டு மடங்கு வைத்து வாங்குங்கள்.

சரி, என் வேலைக்கு எது?

ஷீட் போடுகிறவர்களுக்கு 18 வோல்ட் டிரைவர். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் இப்போது மாடிக்கு மாடி தகர ஷீட்தான். என் மச்சான் அந்த வேலை எடுத்துச் செய்கிறான். தானே துளைத்துக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ, 8 மி.மீ. அறுகோணத் தலை, காந்தம் வைத்த பாக்ஸ் பிட். ஒரு கையால் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இறக்கிவிடுவான். ஆனால் ஒரு விஷயத்தில் அவனோடு எனக்கு ஓயாத சண்டை. ஸ்க்ரூத் தலைக்குக் கீழே கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதல்லவா, அது லேசாகப் பிதுங்கினால் போதும். டிரைவர் கையில் இருக்கும் ஜோரில் இன்னும் நாலு அடி அடித்தால் ரப்பர் நசுங்கி, வட்டத்தை விட்டு வெளியே நாக்கை நீட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் அந்த ஓட்டையில்தான் சொட்டும். டக் டக் சத்தம் ஆரம்பித்தவுடன் விரலை எடுங்கள். மூன்று வேகப் பொத்தான் உள்ள கருவி என்றால் நடு வேகம் போதும்.

ஆசாரிக்கு 12 வோல்ட் டிரைவர் நல்லது. பேட்டரியோடு ஒரு கிலோ சொச்சம். அலமாரிக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போது அந்த அரைக் கிலோ குறைவின் அருமை தெரியும். 100 நியூட்டன் மீட்டர் மரத்துக்கு ஏகத்துக்கும் அதிகம்.

கார், லோடு ஆட்டோ மெக்கானிக்குக்கு 18 வோல்ட், அரை இன்ச், 300-லிருந்து 600 வரை உள்ள நடுத்தர ரெஞ்ச். நான் நாளெல்லாம் தூக்குவது அதைத்தான். 1,000 உள்ள பெரியதும் இருக்கிறது, மூன்று கிலோவுக்கு மேல் கனம். சஸ்பென்ஷன் போல்ட், ஹப் நட்டு என்று மொரண்டு பிடிக்கும்போது மட்டும் எடுப்பேன்.

பைக் மெக்கானிக்குக்கு 12 வோல்ட் மூணு நூல் ரெஞ்ச், அல்லது 18 வோல்ட்டில் குட்டையான அரை இன்ச். திருவொற்றியூரில் 1950-களிலிருந்து புல்லட் செய்து வந்ததால் இந்தப் பக்கம் புல்லட் வேலை தெரிந்த கை அதிகம். கிளட்ச் நட்டு, மேக்னட் நட்டைக் கழற்ற எதிர்ப்பக்கம் பிடிப்பதற்கென்று தனி டூல் தேடுவார்கள். ரெஞ்ச் அடிக்கிற வேகத்தில் பல நேரம் பிடிக்காமலே வந்துவிடும். கழற்ற மட்டும்.

லாரி, டிரெய்லருக்கு முக்கால் இன்ச்சுக்குக் கீழே பேச்சே இல்லை. மாதவரம் லாரி நிலையத்திலோ மணலி ரோட்டிலோ சாலையோரம் போய்ச் சக்கரம் மாற்றித் தருகிறவர் 36 வோல்ட் வகையோ, 18-லேயே பருத்த பேட்டரியோடு முக்கால் இன்ச்சோ வாங்கலாம். இங்கேதான் வோல்ட்டுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

டிரைவரில் அடாப்டர் போட்டு வீல் நட்டு கழற்றலாமா?

அறுகோண வாலும் சதுரத் தலையும் உள்ள அந்த அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். புதுக் காரில், ஒழுங்காக முடுக்கிய நட்டு என்றால் வந்தாலும் வரும். நம்பி வாங்காதீர்கள். டிரைவரின் 180-ல் ஒரு பகுதியை அந்த ஒல்லிக் கழுத்தே முறுகித் தின்றுவிடும். எனக்கு ஒரு முறை ஒடிந்து, அறுகோணத் துண்டு டிரைவர் குழிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. மூக்குச் சாமணம் விட்டு எடுக்க அரை நாள்.

பளபளப்பான பழைய பாக்ஸ் செட்டையே ரெஞ்சில் போடலாமா?

கூடாது. பளபளப்பது குரோம் வனேடியம். கையால் திருப்ப உறுதி, அடி வாங்கினால் விரிசல் விடும். கறுப்பாக, சுவர் தடித்து வருவது குரோம் மாலிப்டினம், அடியைத் தாங்கும். பட்டறையில் ஒரு பையன் கறுப்பு 19 கிடைக்கவில்லை என்று வெள்ளிப் பாக்ஸை மாட்டி அடித்தான். பட்டென்று ஒரு சத்தம், பிறை நிலா மாதிரி ஒரு துண்டு கதவு ஓரம் போய்க் கிடந்தது. அவன் கண்ணாடி போட்டிருந்தான், அவ்வளவுதான் சொல்வேன். ஆறு முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு முனை நட்டின் தலையை மழுக்கிவிடும்.

கழற்றுவது சரி, முடுக்குவதற்கும் இதையே பயன்படுத்தலாமா?

நட்டை முதலில் கையால் மூன்று நாலு சுற்று விடுங்கள். மரை கோணலாகப் பிடித்திருந்தால் கைக்குத் தெரியும், கன்னுக்குத் தெரியாது, அது மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். பிறகு கன்னைக் குறைந்த வேகத்தில் வைத்து நட்டு உட்காரும்வரை மட்டும். வண்டியை இறக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக, குறித்த பலத்துக்கு முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். லாரி என்றால் 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் போல்ட் பக்கம் கன்னைக் கொண்டுபோகவே வேண்டாம்.

காசிமேட்டில் போட் வேலை. போல்ட் எல்லாம் உப்புக் காற்றில் இறுகிவிடுகிறது. பெரிய ரெஞ்ச் வாங்கினால் தீருமா?

சாதா இரும்பு போல்ட் என்றால் பலத்தோடு பொறுமையும் வேண்டும். துரு இளக்கும் ஆயிலை முந்தின நாள் இரவே விட்டு வையுங்கள். ரெஞ்சை முதலில் முடுக்கும் திசையில் ஒரு அடி, பிறகு கழற்றும் திசையில். இப்படி முன்னும் பின்னும் ஆட்டினால் துரு பொடியாகும். ஒரே திசையில் விடாமல் அடித்தால் தலை ஒடிந்து, தண்டு உள்ளேயே நிற்கும். அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எவர்சில்வர் போல்ட் வேறு கதை. அது துருவால் மாட்டுவதில்லை. எவர்சில்வர் நட்டும் எவர்சில்வர் போல்ட்டும் வேகமாக உரசினால் மரைக்கு மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், வெல்டிங் வைத்த மாதிரி. இம்பாக்ட் கன்னால் அதிவேகத்தில் முடுக்கினால் பாதி வழியிலேயே பூட்டிக்கொள்வது இதனால்தான். மரையில் பிடிப்புத் தடுக்கும் கிரீஸ் தடவி, மெதுவாக, முடிந்தால் கை ஸ்பேனரால் முடுக்குங்கள். இதில் 12 வோல்ட்டும் 40 வோல்ட்டும் ஒரே கெடுதல்தான் செய்யும்.

வேலை முடிந்ததும் கருவியைத் துணியால் துடைத்து, பேட்டரி மாட்டும் தகடுகளை உலர வையுங்கள். உப்பு முதலில் பிடிப்பது அந்தப் பித்தளையைத்தான்.

பட்டறையில் கம்ப்ரசரும் ஏர் கன்னும் இருக்கின்றன. பேட்டரிக்கு மாறவா?

ஒரே இடத்தில் நாள் முழுக்கச் சக்கரம் கழற்றுகிறவர் மாற வேண்டாம். ஏர் கன் லேசு, சூடாகாது, தண்ணீர் பட்டாலும் சாகாது, பேட்டரி வாங்கும் செலவில்லை. டயருக்குக் காற்றடிக்க எப்படியும் கம்ப்ரசர் வேண்டும். பேட்டரி கன்னின் லாபம் வண்டி நிற்கிற இடத்துக்குப் போவதில் இருக்கிறது. கரண்ட் போன மதியத்திலும் இருக்கிறது. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், கை தானாகப் போவது என்னவோ பேட்டரி மேல்தான். ஹோஸ் காலில் சிக்குவதில்லை.

பேட்டரி எத்தனை நாள் உழைக்கும்?

நீங்கள் வைத்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. லித்தியத்துக்கு எமன் சூடு. கத்திரி வெயிலில் வண்டியின் டாஷ்போர்டு மேல் பேட்டரியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. வேலை முடித்த சூட்டோடு சார்ஜரில் செருகினால் நல்ல சார்ஜர் ஏற்றாது, விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். அது பழுதல்ல, ஆற விடுங்கள். மாதக்கணக்கில் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் நிழலில் வையுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வடசென்னையில் எத்தனையோ பட்டறைக்குள் தண்ணீர் புகுந்தது, எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்தது. நனைந்த பேட்டரியை வெயிலில் காய வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும், ஒரு நாள் நெருப்பு பிடிக்கும். நனைந்தது போனதுதான். கருவியைப் பிரித்துச் சுத்தம் செய்து பார்க்கலாம், பேட்டரியில் பரிசோதனை வேண்டாம்.

எங்கே, எப்படி வாங்குவது?

பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, பிராட்வே பக்கம் ஒரு நடை போனால் முக்கிய கம்பெனிகள் எல்லாம் பார்க்கலாம். ஒரு நட்டை வைஸில் பிடித்துக் கொடுத்து, அடித்துப் பார்க்கச் சொல்கிற கடையாகப் பாருங்கள். வாரண்டிக்கு ஜி.எஸ்.டி. பில் முக்கியம், "பில் இல்லாம குறைச்சுத் தரேன்" என்றால் வேண்டாம்.

முதல் கருவி வாங்கும்போது ஒரு குடும்பத்துக்குள் கல்யாணம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனிப் பேட்டரி இன்னொன்றில் ஏறாது. போஷ் கம்பெனியின் நீலக் கருவிப் பேட்டரியே அதே கம்பெனியின் பச்சைக் கருவியில் ஏறாது. முதல் முறை இரண்டு பேட்டரி, சார்ஜரோடு செட்டாக வாங்குங்கள். அடுத்த முறை பேட்டரி இல்லாத வெறும் கருவி போதும், செலவு நன்றாகக் குறையும். கிரைண்டர், டிரில், லைட் என்று பின்னால் என்னென்ன வேண்டியிருக்கும் என்று யோசித்து, அதெல்லாம் அதே வோல்ட்டில் கிடைக்கும் கம்பெனியாகப் பாருங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே பெரும்பாலானவர்களுக்கு 18-ஐச் சொல்கிறேன்.

கார்பன் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் பட்டறைக்கு நல்லது. வீட்டுக்கு கார்பன் உள்ளதே போதும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

காதுக்கு ஏதாவது போட வேண்டுமா?

போடுங்கள். ஷெட்டுக்குள் பெரிய ரெஞ்ச் 100 டெசிபல் வாக்கில் கத்தும். எனக்கு இடது காதில் இப்போதே ஒரு சில்வண்டு குடியிருக்கிறது.

பழைய லாரி, இடது பக்கச் சக்கரம். 1,000 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் வைத்தும் அசையவில்லை. ரெஞ்ச் போலியா?

ஸ்டட்டின் நுனியைத் துடைத்துப் பாருங்கள். 'எல்' என்று பொறித்திருந்தால் அது இடது மரை. சில பழைய லாரிகளில் இடது பக்கத்துக்கு அப்படித்தான் வைப்பார்கள். நீங்கள் இவ்வளவு நேரம் முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். திசைப் பொத்தானை மாற்றிவிட்டு, பருத்த பேட்டரியை மாட்டி அடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தவறான திசையில் அடித்திருந்தால் ஸ்டட் நீண்டிருக்கும், அதையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியை அனுப்ப வேண்டும்.